அன்றாட வாழ்வும் மெய்யியலும்: தொண்டைநாட்டு வரலாறுகள் மூன்று

1. முன்னுரை

மெய்யியல் மக்களின் அன்றாட வாழ்வுக்கு எவ்வாற்றான் பயன்படும் என்னும் வினா பழைமையானது. உலகு, உயிர், இறை என்பவற்றின் இயல்பை ஆராயும் அறிவு ஒருபுறம் நிற்கின்றது. விடிந்ததும் உலைவைத்து, தொழிலுக்குச் சென்று, கடன் தீர்த்து, விருந்தோம்பி, இரவில் கண்ணயரும் இல்லறத்தான் மறுபுறம் நிற்கின்றான். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது?

இதற்கு இருவகை விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. மெய்யியல் துறந்தார்க்கே உரியது. இல்லிருப்பார்க்கு அறநூல்களே சாலும் என்பர் ஒருசாரார். மெய்யியலார் கண்ட முடிபுகளை வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்வதே கற்றார் கடன் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கொள்கை மெய்யியலை வாழ்விலிருந்து பிரிக்கின்றது. பின்னவர் கொள்கை வாழ்வை மெய்யியலுக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சுருக்கிவிடுகின்றது. இரண்டும் முழுமையாகப் பொருந்தா என்பது எம் கருத்து.

தமிழ்நாட்டுச் சமய மரபுகளில் சாத்திரங்கள் விரிவான வடிவம் பெறுமுன்னரே, அடியார் வரலாறுகள் இவ்வினாவை எழுப்பிவிட்டன. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதின்மூன்றாம் நூற்றாண்டினது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சிக்காலத்தில் (1133–1150), சேக்கிழார் திருத்தொண்டர் புராணத்தை இயற்றினார். இக்கால வரிசை கருதத்தக்கது. வரலாறுகள் சாத்திரத்தை விளக்குவதற்காகப் பின்னர்ப் புனையப்பட்டவை அல்ல. சாத்திரம் விடை காணவேண்டிய வினாக்களை முன்னரே நிறுத்திச் சென்றவை அவை. இக்கருத்தைத் தொண்டைநாட்டின் ஒரு சிறு பகுதிக்குரிய மூன்று வரலாறுகளைக் கொண்டு ஆராய்வாம்.

2. ஆய்வுக்குரிய நிலம்

சென்னையின் மேற்கே, பரங்கிமலையினின்று பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலையில், போரூர் ஏரியை அடுத்து ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர் உள்ளது. தாங்கல் என்பது தொண்டைநாட்டு வழக்கில் சிற்றேரியைக் குறிக்கும். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய பெயர்களிலும் அச்சொல் நிற்றலைக் காணலாம். உழவுக்கு நீர் தேக்கிய ஏரியின் பெயரைத் தாங்கிய இவ்வூர், இன்று அடுக்குமாடி வீடுகளும் பேருந்துப் பணிமனையும் நிறைந்த புறநகராகும்.

இவ்வூரை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து காண்போமாயின் அரியதொரு செய்தி புலனாகும். மேற்கே பூவிருந்தவல்லி, அது திருக்கச்சி நம்பிகளின் ஊர். அதற்கும் மேற்கே திருமழிசை. அங்குத் தோன்றிய ஆழ்வார் பிரம்பறுப்பார் ஒருவர் இல்லத்தில் வளர்ந்தார் என்று குருபரம்பரை கூறும். வடக்கே திருவேற்காடு, மூர்க்க நாயனாரின் ஊர். தென்மேற்கே குன்றத்தூர், புலியூர்க் கோட்டத்துச் சேக்கிழாரின் பிறப்பிடம். வட்டத்தைச் சற்றே விரித்தால் வடமேற்கில் பூசலார் வாழ்ந்த திருநின்றவூரும், மேற்கில் இராமானுசர் தோன்றிய திருப்பெரும்பூதூரும் அதனுள் அடங்கும்.

ஊர்ப்பெருமை பேசுதற்கு இவற்றை யாம் கூறவில்லை. அந்தணர், வேளாளர், வணிகர், பிரம்பறுப்போர் எனப் பல்வகைத் தொழிலும் பிறப்பும் உடையோர் ஒருநாள் நடைத் தொலைவுக்குள் வாழ்ந்த நிலம் இது. இவர்தம் வரலாறுகளில் எழும் வினாக்கள் காட்டிலோ மடத்திலோ எழுந்தவை அல்ல. கையில் காசின்மை, பந்திக்குப் பொருள் தேடல், உண்ட இலையை எடுத்தல் ஆகிய வீட்டுச் செய்திகளில் எழுந்தவை. சேக்கிழாரும் அரசவையில் அமைச்சராய் இருந்து நாட்டு நடைமுறையை அறிந்தவர். சுந்தரர் பெயரளவிலும், நம்பியாண்டார் நம்பி பெரும்பாலும் ஒரு பாடல் அளவிலும் சுட்டிய அடியார்களை அவர் விரித்துப் பாடினார். அண்டை ஊர்களைச் சார்ந்த செய்திகள் சிலவற்றை ஊர்வழக்கிற் கேட்டறிந்திருத்தல் கூடும். அது ஊகமே யாயினும் புறக்கணிக்கத்தக்க ஊகம் அன்று.

3. பூசலார்: கருதுதலும் செய்தலும்

திருநின்றவூர்ப் பூசலார் இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். பொருளை எங்கும் தேடினார், சிறிதும் கிட்டவில்லை. மனத்திலேயே கோயில் எடுத்து முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அந்நாளிலேயே காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எடுத்த கற்றளிக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூரில் பூசல் எடுத்த கோயிலுள் நாளை யாம் புகுவோம். நீ நின் நாளை மாற்றுக என்றருளினான். மன்னன் நின்றவூர் வந்து கோயில் யாது என வினவ, அவ்வாறு ஒரு கோயிலும் இல்லை என்றனர் ஊரார். பின்னர்ப் பூசலார் வாயிலாக உண்மை உணர்ந்து வணங்கி மீண்டான். இம்மன்னனைக் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த இராசசிம்மன் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

இவ்வரலாற்றுக்கு வழங்கும் பொருள், நினைப்பே போதும், செயல் வேண்டா என்பதாகும். நூலை ஊன்றிக் கற்பார்க்கு இப்பொருள் அமையாது. பூசலார் எடுத்த கோயிலின் வேலைப்பாட்டைச் சேக்கிழார் எத்துணை நுணுக்கமாக அடுக்குகின்றார் என்பது நோக்கத்தக்கது. கருவிகளும் பண்டங்களும் தேடப்படுகின்றன, தச்சர் தேடப்படுகின்றனர். நன்னாள் பார்த்து அடிநிலை இடப்படுகின்றது. இரவிலும் கண்ணுறங்காமல் வேலை நடைபெறுகின்றது. அடியிலிருந்து சிகரம் ஈறாக வரிசை வரிசையாகப் படைகள் எழுகின்றன. சுதை பூசப்படுகின்றது; கிணறும் மதிலும் குளமும் அமைகின்றன. பணமொன்றே இல்லை, ஏனைய உழைப்பனைத்தும் உண்டு. மனத்தில் எழுந்த கோயிலும் கல்லில் எழுவது போன்றே நாட்களை எடுத்துக்கொண்டது.

விருப்பம் வேறு, உறுதி வேறு என்னும் வேறுபாடு இங்கே புலப்படுகின்றது. செருமானிய மெய்யியலார் இமானுவேல் காண்ட், 1785-இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், நல்லுறுதி தன் பயனை எய்தாவிடினும் தன்னளவில் ஒளிரும் மணியை ஒக்கும் என்றார். வெறும் விருப்பத்தை யாம் கூறவில்லை; கைக்கெட்டும் வழிகள் அனைத்தையும் திரட்டி முயல்வதையே கூறுகின்றோம் என்று அதனுடன் ஒரு வரையறையும் சேர்த்தார். சேக்கிழார் அடுக்கிய அடிநிலை, சுதை, கிணறு ஆகியன இவ்வரையறையின் இடத்தைத் தமிழில் நிரப்புகின்றன. தேடியும் பொருள் பெறாதான் ஒருவனே இவ்வாறு கட்டுதற்கு உரியவன். தேடாமலே கட்டினேன் என்பான் பூசலார் அல்லன்.

பிறிதொன்றும் நோக்குதற்குரியது. இறைவன் மன்னனிடம் கற்றளியை விடுக எனக் கூறவில்லை. நாளை மாற்றுக என்றே கூறினான். காஞ்சிக் கற்றளியின் சிறப்பு இவ்வரலாற்றால் மறுக்கப்படவில்லை. பொருளுடையான் கல்லால் எடுத்தல் வேண்டும். இல்லான் உள்ளத்தால் எடுத்தல் வேண்டும். வரிசையில் முன்னிற்பது யார் என்பதே மாற்றப்பட்டது. செல்வர் தம் கடமையைத் தட்டிக்கழித்தற்கு இவ்வரலாற்றைத் துணைக்கொள்வாராயின், அது நூலுக்கு மாறாம்.

4. மூர்க்கர்: நற்பயனும் தீய வழியும்

பூசலார் வரலாற்றைப் பாராட்டாதார் இலர். மூர்க்கர் வரலாறோ கற்பாரைத் தயங்கச் செய்வது. திருவேற்காட்டு வேளாளராகிய இவர் அடியார்க்கு அமுதூட்டியபின்னரே தாம் உண்ணும் நோன்புடையவர். கைப்பொருள் முழுதும் தீர்ந்தபின் முன்னர்க் கற்றிருந்த சூதினை மேற்கொண்டார். உள்ளூரில் உடனாடுவார் இல்லாமையால் பிறவூர்கள் சென்று குடந்தையை அடைந்தார். முதலாட்டம் தோற்றுப் பின்னாட்டம் வென்றார். தோற்ற பொருளைத் தர மறுத்தாரைச் சுரிகையால் குத்தினார். வென்ற பொருளால் அடியார்க்கு அமுதூட்டினார்.

இச்செயலை அறநூலோடு வைத்து எண்ணுவார்க்கு முரண் தெளிவாகத் தோன்றும். சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து அதனை விலக்கியவர் வள்ளுவர். பெற்ற தாயின் பசியைப் போக்கவும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யலாகாது என்பது வினைத்தூய்மை அதிகாரம் தரும் கட்டளை. மூர்க்கர் செய்தது அவ்வாறு விலக்கப்பட்டதே. பசித்தார்க்கு உணவிடல் என்னும் உயர்ந்த பயனுக்கு இழிந்த வழி.

இதற்குச் சமயவாணர் கூறும் விடை, அன்பின் மிகுதியால் குற்றம் குணமாயிற்று என்பது. பகுத்தறிவாளர் கூறும் விடை, இத்தகையாரைப் போற்றும் நூல் மக்கள் வாழ்வுக்கு வழிகாட்டுதல் ஆகாது என்பது. 1943-ஆம் ஆண்டில் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் குறித்து அறிஞர் அண்ணாதுரை ஒருபுறமும் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை மறுபுறமும் நின்று நிகழ்த்திய சொற்போர் தமிழுலகம் அறிந்தது. அடியார் செயல்கள் வாழ்க்கைக்கு முன்மாதிரி ஆகுமா என்பது அக்காலத்து எழுந்த வினாக்களுள் முதன்மையானது. மூர்க்கர் செயலைப் போற்றுவாரும் இகழ்வாரும் அவ்வரலாற்றை ஒரு விதியாகவே கொள்கின்றனர். போற்றுவார் அவ்விதியை ஏற்கின்றனர், இகழ்வார் மறுக்கின்றனர். சேக்கிழார் அதனை விதியாக வைத்தாரா என்பதே நாம் முதற்கண் எழுப்பவேண்டிய வினா.

நூலில் மூன்று குறிப்புகள் உள்ளன. முதலாவது பெயர். வழிபடத்தக்க அடியாரின் பெயராகவே பழிப்புச் சொல் நின்றுவிட்டது. இயற்பெயர் யாதென நூல் கூறவில்லை. உலகம் இட்ட பெயரே வழங்குகின்றது. இரண்டாவது, சூதில் வென்ற பொருளை அவர் தம் கையால் தீண்டவில்லை. அமுதாக்குவாரே அதனைக் கொண்டனர். தீது அகலவேண்டும் என்னும் நினைவோடு அவ்வாறு செய்தார் என்று 'தீது' என்னும் சொல்லையே சேக்கிழார் அங்கு ஆள்கின்றார். மூன்றாவது, அடியார் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்தே தாம் உண்டார்.

குற்றம் முழுதும் குணமாகிவிட்டதாயின் அப்பொருளைத் தீண்டாமை எற்றுக்கு? தன் செயல் முற்றும் தூயதென நம்புவான் அதன் பயனிலிருந்து கையை விலக்கிக்கொள்ளான். செயலில் கறையுண்டு என்பதை அடியாரும் உணர்ந்தார், புலவரும் மறைத்திலர். அடியாரின் அன்பைப் பாடிய அதே பாடல்களில் அக்கறையையும் பதிந்து வைத்தார். பயன் நன்றாயின் வழியும் நன்றாம் என்னும் எளிய முடிபுக்குச் சேக்கிழாரைச் சான்றாக்குதல் இயலாது.

எனினும், இவ்வரலாற்றின் எல்லையையும் திறனாய்வாளர் கூறுதல் வேண்டும். சுரிகையால் குத்துண்டவர் யாவர், அவர் இல்லங்களில் அன்றிரவு உலை எரிந்ததா என்பனவற்றை நூல் வினவவில்லை. அடியார் பந்தி நிறைந்தது. குத்துண்டார் பந்தி நம் கண்ணில் படவில்லை. மெய்யியல் வாழ்வை ஆராயுங்கால் செய்தானது உள்ளத்தை மட்டும் ஆராய்தல் போதாது. அச்செயலுக்கு ஆளானானது நிலையையும் ஆராய்தல் வேண்டும். இக்குறை சேக்கிழாரைப் பழித்தற்கு யாம் கூறுவதன்று. அவர் எழுப்பிய வினாவை அவர் நின்ற இடத்திற்கு அப்பால் கொண்டுசெல்லல் கற்பார் கடன் என்பதற்கே கூறுகின்றோம்.

5. திருக்கச்சி நம்பிகள்: கொள்கையும் அடுக்களையும்

மூன்றாம் வரலாறு வைணவ மரபினது. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள் காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டப் பணி செய்து வந்தார். இறைவன் அவரோடு உரையாடுவான் என்பது மரபு. இளையாழ்வாராகிய இராமானுசர் தம் உள்ளத்தில் இருந்த ஐயங்களை இறைவன்பால் உணர்த்தி விடைபெற்றுத் தருமாறு அவரை வேண்டினார். அவ்வாறு கிடைத்தனவே ஆறு வார்த்தைகள். திருமாலே பரம்பொருள், பேதமே தத்துவம், அடைக்கலமே வீட்டுக்கு வழி, இறுதிக் காலத்து நினைவு வேண்டற்பாலதன்று, உடல் நீங்கும்போது வீடு கிட்டும், பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள்க என்பன அவற்றின் கருத்து. பின்னர் விசிட்டாத்துவைதம் எனப் பெருகிய கொள்கையின் சுருக்கம் பூவிருந்தவல்லி வணிகர் ஒருவரின் வாய்வழியே வந்ததாக மரபு போற்றுகின்றது.

அதே நம்பிகளைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியையும் குருபரம்பரை கூறுகின்றது. அவர் உண்ட மிச்சிலைத் தாம் உண்ணும் பேறு வேண்டி இராமானுசர் அவரை இல்லத்துக்கு விருந்தழைத்தார். இராமானுசர் அவரைத் தேடிச் சென்ற வேளையில் நம்பிகள் வேறு வழியாக வந்து, அமுது செய்து, கோயிற்பணிக்கு விரைந்தார். இல்லத்து அம்மையார் அவர் உண்ட இலையை அகற்றி, எஞ்சிய உணவைப் பிறர்க்களித்து, இடத்தைத் தூய்மை செய்து, நீராடி, மீண்டும் சமைத்தார். திரும்பிவந்த இராமானுசர் இதனைக் கண்டு பெரிதும் வருந்தினார்.

பரம்பொருள் யாது, வீட்டு நெறி யாது என்னும் வினாக்களுக்கு விடை கொணர்ந்தவர் நம்பிகள். அவர் உண்ட இலையை எவ்வாறு எடுப்பது என்னும் வினாவுக்கு ஆறு வார்த்தைகளுள் விடை இல்லை. அவ்வேழாம் வினாவை எழுப்பியது அடுக்களை. உயிர்கள் அனைத்தும் இறைவனுக்கு உடல் என்னும் கொள்கை உண்மையாயின், அவ்வுடலின் ஓர் உறுப்பு உண்ட இலை தீட்டாதல் எவ்வாறு? கூடத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை அடுக்களை வரை செல்லவில்லை.

பழியை அம்மையார் மீது முழுதும் சுமத்துதல் மரபில் வந்த வழக்கம். பிற நிகழ்ச்சிகள் இரண்டொன்றையும் இதனோடு சேர்த்து, இராமானுசர் இல்லறம் துறந்ததற்குக் காரணமாக அவை காட்டப்படுகின்றன. எமக்கு அவ்வழக்கம் உடன்பாடன்று. அம்மையார் தமக்குக் கற்பிக்கப்பட்ட ஆசாரத்தைத் தவறாது செய்தார். புதிய கொள்கையை அவர்க்கு யாரேனும் கற்பித்ததாக நூல் கூறவில்லை. ஆசிரியரைத் தேடிச் சென்றவர் தம் இல்லத்தில் ஒரு மாணவியைக் காணவில்லை. வீட்டில் சோறாக்கும் கையைச் சென்றடையாத மெய்யியல் வீட்டை மாற்றுதல் இயலாது என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை.

இவ்வினா வீண்போகவில்லை. பின்வந்த பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசனபூடணத்தில், அடியாரின் பிறப்பை ஆராய்தலைப் பெருங்குற்றமாக வைத்தார். அவர் தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், நான்காம் வருணத்தவராகக் கருதப்பட்ட நம்மாழ்வாரின் பெருமையை ஆசாரிய இருதயத்தில் நிலைநாட்டினார். அடுக்களையில் எழுந்த வினாவுக்குச் சாத்திரம் விடை தேடிய முறை இது. நடைமுறை அவ்விடையை எத்துணை ஏற்றது என்பது வேறு.

6. மெய்யியலின் பணி

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு மீள்வாம். இம்மூன்று வரலாறுகளிலும் மெய்யியல் விதி வழங்கும் ஆசானாக நிற்கவில்லை. அன்றாடச் செயலே ஒரு முட்டுப்பாட்டை உண்டாக்குகின்றது. பொருளின்மை, பொருள் வந்த வழி, உடனுண்ணல் என்னும் மூன்றும் எக்காலத்தும் எவ்வீட்டிலும் எழுவன. மெய்யியல் அம்முட்டுப்பாட்டை மறையாமல் ஏற்று, அதனுள் கலந்துகிடக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டுகின்றது. விருப்பத்தினின்று உறுதியைப் பிரிக்கின்றது. செயலின் அன்பினின்று அதன் கறையைப் பிரிக்கின்றது. ஒப்புக்கொண்ட கொள்கையினின்று வாழ்ந்துகாட்டும் கொள்கையைப் பிரிக்கின்றது.

பிரித்துக் காட்டுதலோடு பெயரிட்டு அமைதல் போதுமெனக் கொள்ளல் பிழை. சைவ சாத்திரங்களுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார் அடியார் செயல்களை மெல்வினை, வல்வினை என வகுத்தது. அப்பகுப்பு அரியது. உலகியல் அறத்துக்கு மாறாகத் தோன்றும் செயல்களைத் தனியே எடுத்து எண்ணவேண்டும் என்னும் உணர்வு அதனுள் உள்ளது. ஆயினும் ஒரு செயலுக்கு வல்வினை எனப் பெயரிடுதல் அதனைப் பற்றிய ஐயத்தைத் தீர்ப்பதாகாது. ஐயம் எவ்விடத்தது எனக் காட்டும் அளவினதே.

இவ்வினாக்கள் பழங்கதைகள் என்று கருதுவார், மேற்கூறிய ஊர்களின் இன்றைய வாழ்வை நோக்குக. ஐயப்பன்தாங்கல் போன்ற புறநகர்களில் தமக்கென ஒரு வீடு எடுக்கப் பல்லாண்டு பொருள் தேடியும் கிட்டாதார் பலர். அவர்க்குப் பூசலார் வரலாறு ஆறுதல் கூறும் கதையாக மட்டும் நிற்குமாயின் பயனில்லை. உள்ளோன் தன் நாளைப் பின்தள்ளி இல்லோனுக்கு முன்னிடம் தருதல் வேண்டும் என்னும் பகுதியும் உடன் படிக்கப்படல் வேண்டும். சூதோ இன்று குடந்தை வரை செல்லவேண்டாது, கைப்பேசி வழியே வீட்டினுள் புகுந்துவிட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் சட்ட முன்வரைவு நிறைவேற்றும் அளவுக்கு அதன் கேடு பெருகியது. குடும்பத்துக்காகவே ஆடினேன் என்று கூறுவானுக்கு மூர்க்கர் துணையாகார்; வென்ற பொருளைத் தீண்டாத கை அவனிடம் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டு வருவோரிடம் அவர் உண்ணும் உணவையும் பிறந்த குலத்தையும் வினவும் வழக்கம் இன்றும் மறைந்திலது. நம்பிகள் உண்ட இலையை எடுத்த வினாவே அங்கு வேறு உருவில் எழுகின்றது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மெய்யியலுக்கும் அன்றாட வாழ்வுக்கும் உள்ள தொடர்பு, முடிபுக்கும் எடுத்துக்காட்டுக்கும் உள்ள தொடர்பன்று. விடைக்கும் வினாவுக்கும் உள்ள தொடர்பாகும். வினாவை எழுப்புவது வாழ்வு. விடை தேடுவது மெய்யியல். அவ்விடை செல்லுமா என உரைத்துப் பார்க்கும் கல்லும் வாழ்வே.

அடியார் வரலாறுகளைப் போற்றுவார் அவற்றை விதியாகவும், மறுப்பார் அவற்றைக் குற்றச்சாட்டாகவும் படித்து வந்தனர். அவற்றை வினாக்களாகப் படித்தல் மூன்றாம் நெறி. அவ்வாறு படிப்பார்க்குச் சேக்கிழாரின் நேர்மை தெளிவாகப் புலப்படும். தாம் போற்றும் அடியாரின் கறையையும் மறையாது பாடினமையின், பின்வருவார் ஆராய்தற்கு அவர் இடம் வைத்தார். குருபரம்பரை ஆசிரியரும் தம் ஆசானது இல்லத்து அடுக்களையில் நிகழ்ந்ததை மறைத்திலர். முதுகலை மாணவர் சாத்திரங்களைக் கற்குங்கால், ஒவ்வொரு நூற்பாவும் எவருடைய எந்த நாளைய முட்டுப்பாட்டுக்கு விடையாக எழுந்தது என வினவிக் கற்பாராயின், அந்நூற்பாக்கள் உயிர்பெறும். அவற்றுக்குரிய வினாக்கள் தொலைவில் இல்லை. திருவேற்காட்டுப் பந்தியிலும் காஞ்சி அடுக்களையிலும் எழுந்தவை இன்று நம் இல்லங்களிலும் எழுந்துகொண்டே இருக்கின்றன.